முதல் மாடியில் திறக்காத கதவு

இரண்டு மணிக்கட்டும் ஒன்றாக உடைந்த ஆளுக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும், பல் தேய்த்துவிட வேண்டும், கழிப்பறையில் துணைக்கு நிற்க வேண்டும், மூக்கு அரித்தால் சொறிந்துவிட வேண்டும். முப்பத்தோரு வருடம் நோயாளிகளைப் பராமரித்த எனக்கு இதிலெல்லாம் கூச்சம் கிடையாது. அவனுக்கு மூன்று நாள் இருந்தது, நான்காம் நாள் போய்விட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் போகும்.

அக்கம்பக்கத்தில் அவனைக் கட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டைக் கொடுத்தால் கணக்குப் போடாமல் கட்டங்களுக்கு மை அடித்துக்கொண்டிருப்பானாம். தூரத்தில் வைத்துப் பார்த்தால் குதிரை, கிட்டே போனால் வெறும் கட்டம். வாத்தியார் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்து மூன்று வயதிலும் அதே வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த வீடியோ கேம்களைப் போலவே, பெரிய பெரிய புள்ளிகளால் ஆன உருவங்களை வைத்து, தனி ஆளாக உட்கார்ந்து புது கேம் செய்கிறவன்.

நான் போன முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘மாடிப்படியில் தவறி விழுந்தார்’ என்று இருந்தது. அவனுடைய அக்கா, ‘குளியலறையில வழுக்கிட்டான்’ என்றாள். ஒரு காயத்துக்கு இரண்டு கதை இருந்தால் மூன்றாவது ஒன்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே நேர்க்கோடாக ஒரு கன்றல் இருந்தது. படியில் விழுந்தால் அப்படி வராது. மறுநாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது கால் உடைந்த முக்காலி ஒன்று துடைப்பத்தில் தட்டியது.

“படியில முக்காலி எதுக்குத் தம்பி வந்துச்சு?”

“அக்காகிட்ட சொல்லிடாதீங்கம்மா.”

அவனுக்கு ஒன்பது வயதில் மாமா ஒரு கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். யாரோ விளையாடித் தீர்த்து விற்ற பெட்டி. அதோடு ஒரே ஒரு கேசட். அதில் ஒட்டியிருந்த காகிதம் தேய்ந்துபோய், கேமுக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. அந்த ஒன்றையே மூன்று வருடம் ஆடியிருக்கிறான். பெட்டி இப்போது ஓடாது. அதை எடுக்கத்தான் முக்காலி போட்டுப் பரணில் ஏறியிருக்கிறான்.

“ஓடாத பெட்டி எதுக்கு?”

“சுவிட்சப் போட்டா டக்குனு ஒரு சத்தம் வரும்மா. அந்தச் சத்தத்தப் பதிவு பண்ணி என் கேம்ல வைக்கலாம்னு.”

“ஒரு டக்குக்கு ரெண்டு கையா?”

சிரித்தான். சிரித்தால் தோள் குலுங்கும், தோள் குலுங்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அக்காக்காரி கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். வீட்டுக்குக் கீழேயே கடை. அப்பா காலத்துக் கடை. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது, சட்டம் பொருத்துவது, கண்ணுக்கு நம்பர் பார்ப்பது எல்லாம் அவளே. தம்பி படித்து ஒரு பெரிய அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தான். வங்கிக்காரர்கள் கம்ப்யூட்டரில் அமுக்குகிற பொத்தான்களை வரைவது அவன் வேலை. முப்பத்தெட்டாவது வயதில் விட்டுவிட்டு வந்து மாடி அறையில் உட்கார்ந்துவிட்டான். இந்த ஐந்து வருடத்தில் இரண்டு கேம் வெளியிட்டிருந்தான். வாங்கினவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்றும், அதில் பாதிப் பேருக்கு எப்படித் திறப்பது என்றே தெரியவில்லை என்றும் அக்காக்காரி சொன்னாள்.

அவள் அதை அவன் காதுபடத்தான் சொன்னாள். மதியம் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து சாப்பிடுவாள். நான் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருப்பேன்.

“சிஸ்டர், இவன் என்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கான். இதுதான் கடைசி. இந்த கேம ஒரு கம்பெனி எடுத்து வெளியிடறேன்னு சொல்லியிருக்கு. அதுல வர்ற கட்டடத்துல ரெண்டு மாடி முடிச்சு அனுப்பணும். அவங்க எடுத்துக்கிட்டா பாக்கலாம். எடுத்துக்கலன்னா கீழ வந்து கவுண்டர்ல உக்காந்து கண்ணாடி துடைக்கணும். என்னடா, சொன்னியா இல்லியா?”

“வாய்ல சோறு இருக்கு.”

“சோறு இல்லாதப்பவும் நீ பதில் சொல்ல மாட்டே.”

இன்னும் எட்டு வாரத்தில் அனுப்ப வேண்டும். மாவுக்கட்டு ஆறு வாரம். அவன் கைகளைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வைத்து, மணிக்கு ஒரு தரம் விரல்களை அசைக்க வைத்து, நகம் நீலம் பாய்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு எட்டு என்பான். எலும்பு வலி அவ்வளவு இருக்காது. கடைசியில் நான்தான் சொன்னேன், மவுஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டுங்கள், நான் புள்ளி வைக்கிறேன் என்று. நோயாளி அமைதியாக இருந்தால் எலும்பு சீக்கிரம் கூடும். அதற்கு மேல் எனக்கு அந்த விளையாட்டில் அக்கறை இல்லை.

அவன் பின்னால் உட்கார்ந்து சொல்வான். “இடது மூணு, மேல ரெண்டு. ஆறாம் நம்பர் கலர். இல்ல, அதுக்கும் ஒண்ணு மேல.” நான் வைப்பேன். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் வைப்பேன். பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். அதற்குள் ஒரு காவலாளி. அவனுக்கு மூக்கு ஒரு புள்ளி.

கேம் இதுதான். ஒரு கட்டடம். காவலாளி ஒவ்வொரு மாடியிலும் எரிகிற விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். அணைத்த இடம் இருட்டாகிவிடும். மறுபடி அந்த வழியாக வர வேண்டியிருந்தால் பாதை தெரியாது. எந்த விளக்கை முதலில் அணைப்பது என்று யோசிக்க வேண்டும். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தான். பதினாறு நிறம்தான் இருக்கலாம். ஒரே வரிசையில் எட்டு உருவத்துக்கு மேல் அசையக் கூடாது. ஒன்பதாவது வந்தால் அது விட்டு விட்டு மறைய வேண்டும்.

“ஏன் மறையணும்?”

“அந்தக் காலத்து மெஷினால எட்டுக்கு மேல காட்ட முடியாதும்மா. ஒன்பதாவது வந்தா மினுக் மினுக்குனு போயிடும்.”

“இந்த மெஷினால முடியாதா?”

“இது ஒன்பதாயிரம் காட்டும்.”

“பின்ன?”

“அதான் அந்த மினுக்கல நானே எழுதி வச்சிருக்கேன். அது மினுக்கினாத்தான் பாக்கறவங்களுக்கு அந்த ஞாபகம் வரும்.”

முன்பு நான் வேலை பார்த்த வார்டில் ஒரு நோயாளி இருந்தார். தொடை எலும்பு முறிந்து கூடிவிட்டது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆனாலும் ஆள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். வலியில் பழகின நடை, வலி போன பிறகும் விடவில்லை. கைத்தடியை ஒளித்துவைத்துத்தான் அவரைச் சரிசெய்தோம். அதை நான் அவனுக்குச் சொன்னேன். நல்ல மெஷினை எதற்கு நொண்ட வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்வியை அவனிடம் ஏற்கெனவே நிறைய பேர் கேட்டிருக்க வேண்டும். “பதினாறு கலர்தான்னு வச்சுக்கிட்டா ஒவ்வொரு கலரும் வேலை செய்யணும்மா. எல்லாம் கையில இருந்தா எதையும் யோசிக்க மாட்டோம். நீங்களே ஒரே ஒரு பைதானே கொண்டு வர்றீங்க?”

அது சரிதான். என் பையில் தேவையில்லாத பொருள் ஒன்று கிடையாது. ஆனால் குறைவாக வைத்துக்கொள்வது ஒன்று, இருக்கிற காலை இல்லாத மாதிரி இழுத்து நடப்பது வேறு. அந்தப் பதினாறு நிறத்தை ஒப்புக்கொண்டேன். மினுக்கலை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு நோட்டு உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் நேரம், சாப்பாடு, தண்ணீர், வலி, விரல் நிறம், பிறகு குறிப்பு என்று கோடு போட்டு எழுதுவேன். பயிற்சியில் கற்றுக்கொடுத்தது. நோயாளி சொல்வதை அப்படியே எழுது, நீயாக எதுவும் சேர்க்காதே, எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. அவனுக்கு வலி கூடுவதும் குறைவதும் கேம் வேலையைப் பொறுத்து இருந்ததால் குறிப்பில் அதையும் எழுதினேன்.

முதல் மாடி பற்றி நான் எழுதியது இது: ‘காலை 10.20 முதல் 11.05. முதல் மாடி முழுவதும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். திருத்தம் இல்லை. வலி 2.’

பதினான்கு விளக்கு, மூன்று ஏணி, நடுவில் ஒரு பள்ளம். ஒரே மூச்சில் சொன்னான். என் கைதான் ஓடவில்லை. கடைசியில் இடது மூலையில் ஒரு கதவு வைக்கச் சொன்னான்.

“இது எப்படித் திறக்கும்?”

“திறக்காது.”

“திறக்காதுன்னா எதுக்குக் கதவு?”

“அது அங்க இருக்கணும்மா.”

‘திறக்காத கதவு. காரணம் கேட்டேன். சொல்லவில்லை’ என்று எழுதிவைத்தேன். பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆடிப் பார்க்கிறதற்கு அக்காக்காரியைக் கூப்பிட்டான். அவளே பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை.

“இது நல்லாருக்குடா,” என்றாள். “ஏதோ ரொம்ப நாள் பழகின இடம் மாதிரி இருக்கு.”

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அவளே முந்தின நாள் சொன்ன வேறொன்று ஞாபகம் வந்தது. கடைக்குப் புதுக் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் எல்லோரும் பழைய நம்பர்தான் தெளிவாக இருக்கிறது என்று சாதிப்பார்களாம். தெளிவாக இருப்பதில்லையாம், பழகிப்போயிருக்குமாம். ‘ஆளு பொய் சொல்லல சிஸ்டர், கண்ணு பொய் சொல்லுது’ என்றாள். அந்த நேரத்தில் நான் அதை எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கேயோ இடித்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது மாடிக்கு ஒன்பது நாள் ஆனது. நோட்டில் இருக்கிறது: பதினோரு முறை அழித்தோம், வலி 6. ஒரு விளக்கை வைக்கச் சொல்வான், எடுக்கச் சொல்வான், பழைய இடத்திலேயே வைக்கச் சொல்வான். விளக்கை அணைத்தால் இருட்டாகிவிடுகிறது, இருட்டில் ஆடுகிறவருக்கு எரிச்சல்தான் வருகிறது, அதுதான் சிக்கல். ஆறாம் நாள் என் பொறுமை போய்விட்டது.

“எங்க ஆஸ்பத்திரியில ஜன்னலே இல்லாத வார்டு ஒண்ணு இருந்துச்சு தம்பி. கரண்டு போனா பட்டப்பகல்லயே ஒண்ணும் தெரியாது. நாங்க என்ன, முட்டிக்கிட்டா நின்னோம்? ஒவ்வொருத்தர் இருமலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மூணாங்கட்டில் இருமல் இடது பக்கம் கேட்டா வாசல் நேரா இருக்குன்னு அர்த்தம்.”

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். கையை ஊன்றாமல் எழுவது கஷ்டம், எழுந்தான். அதற்குப் பிறகு இரண்டாம் மாடியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் வந்தது. ஒன்றில் குழாய் சொட்டும். ஒன்றில் மின்விசிறி கிறீச்சிடும். விளக்கை அணைத்த பிறகு காதை வைத்துத்தான் நடக்க வேண்டும். அதிலும் இரண்டு நாள் சண்டை. ஆனால் மாடி சரியாக வந்தது. ஆறாம் நம்பர் நிறமும் கறுப்பும் மட்டும் வைத்து ஒரு மாடி முழுக்க ஓடியது.

ஐந்தாம் வாரம் இரண்டு மாடியையும் கம்பெனிக்கு அனுப்பினோம். நான்கு நாள் கழித்துக் கம்பெனிக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம். அக்காக்காரியும் இருந்தாள். மரியாதையான ஆள், குரலை உயர்த்தவில்லை.

“எங்க ஆளு ஒருத்தர் பழைய கேம்களச் சேத்து வைக்கறவர். அவர் ஒரு படம் அனுப்பியிருக்கார். பாருங்க.”

திரையில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. இடது பக்கம் எங்கள் முதல் மாடி. வலது பக்கம் ஏதோ ஒரு பழைய கேம். அதில் ஆள் திருடன், பொறுக்குவது பை. எங்களுடையதில் காவலாளி, அணைப்பது விளக்கு. மற்றபடி பதினான்குக்குப் பதினான்கு. மூன்று ஏணி, அதே பள்ளம். ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு வருடத்தில் எடுத்த எக்ஸ்ரே போல இருந்தது. தோல் வேறு, எலும்பு ஒன்று. இடது மூலையில் ஒரு கதவு இருந்தது.

“அந்தக் கதவு அதுலயே திறக்காதாம்,” என்றார் கம்பெனிக்காரர். “செஞ்சவங்க முடிக்காம விட்டுட்டாங்கன்னு சொல்றாங்க.”

கட்டத்தின் முகம் வெளுத்துவிட்டது. “சார், நான் இத எங்கயும் பாத்துப் பண்ணல. சத்தியமா.”

“நான் நம்பறேன். ஆனா நீங்க சொந்தமா பண்ணதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எப்படிப் பண்ணீங்கன்னு தேதியோட ஏதாவது குறிப்பு இருந்தா அனுப்புங்க. அது போதும் எங்களுக்கு.”

அவர் போனதும் அக்காக்காரி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “சிஸ்டர் நோட்டு இருக்கே. நாள், மணி எல்லாம் இருக்கு. கண்ண மூடிக்கிட்டுச் சொன்னான்னு எழுதியிருக்கீங்கதானே? கண்ண மூடிக்கிட்டு எப்படிக் காப்பி அடிக்க முடியும்? அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பிடலாம்.”

நான் நோட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. கம்பெனிக்காரரும் அதை ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் அதே பக்கம் எனக்கு வேறு விதமாகப் பட்டது. நாற்பத்தைந்து நிமிடம், திருத்தம் இல்லை, வலி 2. ஞாபகம் போன முதியவர்களைப் பார்த்துக்கொண்டு பல வருடம் இருந்திருக்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் திணறுவார்கள். எட்டாம் வாய்ப்பாடு கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். தேடிச் சொல்கிறவன் நடுவில் நிற்பான். ஒப்பிக்கிறவன் நிற்க மாட்டான்.

“தம்பி, கண்ண மூடுங்க,” என்றேன். “ரெண்டாம் மாடியச் சொல்லுங்க.”

“இப்பவா?”

“சொல்லுங்க.”

ஒன்பது நாள் மல்லுக்கட்டிச் செய்த மாடி. செய்து முழுசாக மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான்காவது விளக்கிலேயே நின்றுவிட்டான். ஏணி வலது பக்கமா, நடுவிலா என்று இரண்டு தரம் மாற்றிச் சொன்னான்.

“சரி. முதல் மாடி.”

கடகடவென்று வந்தது. பதினான்கு விளக்கும் வரிசை தப்பாமல் சொன்னான். சொல்லும்போது மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் இரண்டும் அசைந்துகொண்டிருந்தன. வலது, வலது, மேலே, குதி. அவனுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

“கடைசியா மூலையில கதவு. அது திறக்காது,” என்றான்.

“திறக்காதுன்னு எப்படித் தெரியும்?”

“ஒரு லீவு முழுக்க முட்டிப் பாத்தேன்மா. அந்தப் பக்கம் என்னமோ இருக்குன்னு நினைச்சு தினமும்...”

அங்கேயே நிறுத்திவிட்டான். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். அக்காக்காரி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அப்ப அது சின்ன வயசுல ஆடினதுதானே, இப்ப வேணும்னு எடுத்ததில்லையே,” என்றாள். “அதுல என்ன தப்பு? நோட்டுல அதெல்லாம் எழுதலயே. எழுதினது மட்டும் அனுப்பினா போதும்.”

“நோட்டு தம்பியோடது,” என்றேன். “அவரப் பத்தி எழுதினது. அனுப்பறதும் அனுப்பாததும் அவர் இஷ்டம். ஒரு வரி மாத்த மாட்டேன். ஆனா அந்தக் கம்பெனிக்காரர் என்கிட்ட இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச அர்த்தத்தச் சொல்லுவேன்.”

“உங்கள யாரு கேக்கப்போறா? ஊட்டிவிட வந்தவங்க ஊட்டிவிட்டா போதாதா?”

“மருந்த மாத்திக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்க மாட்டேன்மா. அதுவும் ஊட்டறதுலதான் சேரும்.”

தட்டை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். லென்ஸ் தேய்க்கிற மெஷின் உடனே ஓட ஆரம்பித்தது. கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நான் அவனை முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். வேண்டுமென்று எடுத்திருப்பானோ, தெரியாத மாதிரி நடிக்கிறானோ என்று இரண்டு நாள் அவனைக் கவனித்தேன். நடிக்கிறவர்களுக்குப் பசி போகாது. இவன் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னும் மோசமான ஒன்று இருந்தது. எதைச் சொன்னாலும் நடுவில் நிறுத்தி, ‘இது என்னோடதா?’ என்று என்னைக் கேட்க ஆரம்பித்தான். காவலாளியின் தொப்பி? அந்த ஏணியின் சத்தம்? எனக்கு என்ன தெரியும்?

மூன்றாம் நாள் காலை பல் தேய்த்து முடித்ததும் சொன்னான். “முதல் மாடிய அழிச்சிருங்கம்மா.”

அவனால் ஒரு விசையை அமுக்க முடியாது. நான்தான் அமுக்க வேண்டும். மாத்திரை கொடுக்கும்போது ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா என்று மூன்று தரம் பார்ப்பது பழக்கம். மூன்று தரம் கேட்டேன்.

“முழுசாவா?”

“முழுசா.”

“பிரதி ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இருக்கு. அதையும் சேத்து.”

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

“அழிச்சிட்டுச் சொல்லலாம்.”

அமுக்கினேன். அந்தத் திறக்காத கதவும் போனது. நோட்டில் ‘காலை 8.40. முதல் மாடி அழித்தோம். வலி கேட்கவில்லை’ என்று எழுதினேன்.

கம்பெனிக்காரரிடம் அவனே பேசினான். நடந்ததை அப்படியே சொன்னான். முதல் மாடி என்னுடையதில்லை, எனக்கே தெரியாமல் ஞாபகத்திலிருந்து வந்துவிட்டது, இரண்டாவது மாடி என்னுடையது, அதிலிருந்து தொடங்கித் தருகிறேன் என்றான்.

“நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி சார். ஆனா எங்களுக்குப் பிடிச்சதே அந்த முதல் மாடிதான். தொட்ட உடனே, ஏற்கெனவே விளையாடின மாதிரி இருந்துச்சு. வாங்கறவங்க அதத்தான் கேக்கறாங்க. இந்த ரெண்டாம் மாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா புதுசா இருக்கு. காத வச்சு நடக்கணும்னு சொன்னா யார் கத்துக்குவாங்க?”

ஏற்கெனவே ஒருவர் செய்த கேம் என்பது குற்றம், ஏற்கெனவே ஆடின மாதிரி இருப்பது சிறப்பு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவரைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. என் வேலை அதுவல்ல. அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

மாவுக்கட்டு பிரித்த அன்று அவன் கை இரண்டும் மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. பந்தை அமுக்கிப் பிடிக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். அக்காக்காரி கடையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கம்பெனி கேமை எடுக்கவில்லை. வாக்கு வாக்குதான், அடுத்த திங்களிலிருந்து அவன் கவுண்டரில் உட்கார வேண்டும்.

போன மாதம் எனக்குச் செய்தித்தாள் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. வேறு கடை இருந்தும் அந்தக் கடைக்கே போனேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டம் கவுண்டரில் இருந்தான். மணிக்கட்டு நன்றாகத் திரும்புகிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். திரும்பியது.

“வாங்கம்மா. உக்காருங்க. நம்பர் பாத்துடலாம்.”

“நல்லாப் பாக்கத் தெரியுமா?”

“மத்தியானம் வரைக்கும் நல்லாப் பாப்பேன். அப்புறம் மாடிக்குப் போயிடுவேன். அக்காவும் நானும் அப்படிப் பேசிக்கிட்டோம்.”

கேம் என்ன ஆனது என்று கேட்டேன். வேறெந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. ஆனால் நான்கு மாடி முடித்திருந்தான். இரண்டாம் மாடிதான் இப்போது முதல் மாடி. மினுக்கலை எடுத்துவிட்டானாம். பதினாறு நிறம் அப்படியே இருக்கிறது. கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். என் நோட்டைப் போலவே கோடு போட்டிருந்தான். தேதி, நேரம், எத்தனை திருத்தம். கடைசியில் ஒரு பத்தி அவனாகச் சேர்த்தது: எங்கிருந்து.

புது ஏணி, எங்கிருந்து: அலுவலகத்துத் தீயணைப்பு ஏணி. இருமல் சத்தம், எங்கிருந்து: சிஸ்டர் அம்மா வார்டு. தொப்பி, எங்கிருந்து: அப்பா. பக்கம் பக்கமாக இருந்தது. நான் எழுத்துக்கு நெருக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். நான்காம் மாடியில் ஒரு வரிசையில் கடைசிப் பத்தி காலி. விரலை வைத்தேன்.

“இது?”

“வளைஞ்சு வளைஞ்சு ஒரு தாழ்வாரம்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு.” குரல் இறங்கியது. “அதான் பயமா இருக்கு.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“இருபது நிமிஷம்.”

உள்ளே லென்ஸ் மெஷின் நின்றது. அக்காக்காரி இன்னும் என்னோடு பேசவில்லை. நான் உள்ளே வந்தபோதும் தலையை ஆட்டினதோடு சரி. இப்போது அங்கிருந்தே கேட்டாள், அவனைத்தான் கேட்டாள்.

“திருத்தம் எத்தன?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப அழிச்சிரு.”

“எல்லா நல்லதும் திருட்டா இருக்கணுமா அக்கா?”

“நான் எதக் கண்டேன்? நீதான் பயமா இருக்குன்னே.”

அவன் என்னைப் பார்த்தான். நானும் யோசித்தேன். இருபது நிமிடம், திருத்தம் இல்லை. நல்ல அறிகுறி இல்லை. ஆனால் ஒரு அறிகுறியை வைத்து எந்த வைத்தியரும் காலை வெட்டச் சொல்ல மாட்டார்.

“இப்ப அழிக்காதீங்க,” என்றேன். “ஆனா காலியாவும் விடாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதணும்.”

பேனாவை எடுத்து ‘தெரியவில்லை’ என்று எழுதி, தேதியும் போட்டான். நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு, கண் சோதிக்கிற கனமான கண்ணாடிச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினான். ஒரு லென்ஸைப் போட்டு எடுத்தான், இன்னொன்றைப் போட்டான்.

“இது தெளிவா, இதுவா?”

“முதல்ல போட்டதுதான் நல்லாருக்கு.”

“அது அவங்களோட பழைய நம்பர்,” என்றாள் அக்காக்காரி உள்ளேயிருந்து. பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து என் எதிரில் நின்றாள். “சிஸ்டர், நீங்களும் அப்படித்தானா? புதுசப் போட்டுக்கிட்டுப் போங்க. ஒரு வாரத்துக்குத் தரை சரிவா தெரியும். படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியப் புடிச்சுக்கோங்க.”